பழைய சிஎன்சி லேத்துக்குப் புதிய கன்ட்ரோல்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு விளக்க மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கோவையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளாக உழைத்துவரும் சிஎன்சி லேத்துகள் (கணினிக் கட்டளையால் ஓடும் கடைசல் எந்திரங்கள்) பலவற்றில் இப்போது அவற்றை இயக்கும் கன்ட்ரோல் கைவிடத் தொடங்கியிருக்கிறது. திரை மங்குகிறது; கார்டு போனால் மாற்றுக் கார்டு கிடைப்பதில்லை, கிடைத்தாலும் அது இன்னொரு பழைய எந்திரத்திலிருந்து கழற்றியதாக இருக்கிறது; பொங்கல் விடுமுறை முடிந்து வந்து ஸ்விட்சைப் போட்டால், பேட்டரி தீர்ந்து பாராமீட்டர்கள் (எந்திரத்தின் அமைப்பு எண்கள்) அழிந்து அலாரம் மட்டும் வருகிறது. எந்திரத்தை எடைக்குப் போட்டுவிடலாமா, கன்ட்ரோலை மட்டும் மாற்றலாமா என்று தங்களில் பலர் எங்களைக் கேட்டுவருகிறீர்கள். மாற்றுவதானால் திறந்த மூல மென்பொருளான லினக்ஸ்சிஎன்சியை நாங்கள் ஏன் முன்வைக்கிறோம், எந்த எந்திரத்துக்கு அது பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதை ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியதால் இம்மடலை அனுப்புகிறோம்.

முதலில் பார்க்க வேண்டியது எந்திரத்தின் உடல். வார்ப்பிரும்பு பெட் வயதானதால் கெடுவதில்லை, தேய்ந்தால்தான் கெடும். ஆகவே தங்கள் பட்டறைக்கு வந்ததும், பேனல் கதவைத் திறப்பதற்கு முன்பே டயல் கேஜை எடுக்கிறோம். டூல் நீளவாக்கில் நகரும் இசட் அச்சில், ஜாப்பைப் பிடிக்கும் சக்கின் அருகில், நடுவில், மறுமுனையிலுள்ள டெய்ல்ஸ்டாக் பக்கத்தில் என மூன்று இடங்களில் பேக்லாஷ் (திசை மாறும்போது தெரியும் தளர்வு) பார்க்கிறோம். பம்ப் பாகங்கள் போன்ற நீளம் குறைந்த ஜாப்களையே ஓட்டிய லேத்தில் சக்கை ஒட்டிய பகுதியே அதிகம் உழைத்திருக்கும். மூன்று இடத்திலும் ஒரே அளவு காட்டினால் கோளாறு பெரும்பாலும் சப்போர்ட் பேரிங்கிலோ நட்டின் ப்ரீலோடிலோ (முன்னிறுக்கத்திலோ) இருக்கும். அதைச் சரிசெய்துவிட்டு, எஞ்சிய ஓரிரு மைக்ரானை மென்பொருளில் ஈடுகட்டலாம். இடத்துக்கு இடம் மாறினால், அச்சை நகர்த்தும் பால் ஸ்குரூ தேய்ந்துவிட்டது என்று பொருள். ஸ்குரூவின் நீளம் நெடுகிலும் உள்ள பிழையை அட்டவணையாக எழுதித் திருத்தும் வசதி லினக்ஸ்சிஎன்சியில் உண்டு என்றாலும், தேய்ந்த ஸ்குரூவை அட்டவணையால் மூடிமறைக்க நாங்கள் சம்மதிப்பதில்லை. வெட்டு விசை ஏறும்போது தளர்ந்த ஸ்குரூ ஆடத்தான் செய்யும், அதை எந்த மென்பொருளாலும் பிடித்து நிறுத்த முடியாது. ஜாப்பின் விட்டத்தைத் தீர்மானிக்கும் எக்ஸ் அச்சில் இன்னும் கண்டிப்பாக இருக்கிறோம். அங்கே 10 மைக்ரான் தளர்வு விட்டத்தில் 20 மைக்ரானாக விழும். ஒரு ஷாஃப்டின் பேரிங் இருக்கைக்குக் கொடுக்கப்படும் டாலரன்ஸ் முழுவதையும் அது ஒன்றே தின்றுவிடும். இந்தச் சோதனையில் தேறாத எந்திரத்துக்கு, மெக்கானிக்கல் வேலையை முடித்துவிட்டுப் பிறகு எங்களைக் கூப்பிடுங்கள் என்று சொல்லித் திரும்பிவிடுகிறோம்.

லினக்ஸ்சிஎன்சி யாரோ பொழுதுபோக்குக்கு எழுதிய மென்பொருள் என்ற எண்ணம் சிலரிடம் இருக்கிறது. அதன் வேர் 1990-களில் அமெரிக்க அரசின் தேசியத் தரநிர்ணய, தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட் உருவாக்கிய இஎம்சி என்ற கன்ட்ரோலில் இருக்கிறது. அரசுப் பணியில் உருவானது என்பதால் அது பொதுச் சொத்தாக வெளியிடப்பட்டது. பின்னர் பல நாட்டுத் தன்னார்வலர்கள் அதை எடுத்து வளர்த்து, இன்றுள்ள பெயருக்குக் கொண்டுவந்தார்கள். இன்று அது, யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தில் கிடைக்கிறது. மென்பொருளுக்கு விலை கிடையாது. எங்கள் விலைப்பட்டியலில் இருப்பது போர்டு, டிரைவ், கேபிள், ஒயரிங், உழைப்பு ஆகியவை மட்டுமே.

நிகழ்நேரக் கெர்னல் (குறித்த நேரத்தில் தவறாமல் வேலை செய்யும் மையப் பகுதி) ஏற்றிய லினக்ஸ் கணினி வழக்கமாக மில்லி செகண்டுக்கு ஒரு முறை ஒவ்வொரு அச்சும் எங்கே இருக்கிறது என்று கேட்டு, அடுத்து எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லும். அந்த ஒரு மில்லி செகண்ட் தவறாமல் வர வேண்டும் என்பதால் எந்தக் கணினியும் போதும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸில் மின்சேமிப்பு வசதிகளை அணைத்து, தாமதச் சோதனையை இரவு முழுவதும் ஓட்டி, திரையில் கனமான படங்கள் ஓடும்போதும் தாமதம் எல்லைக்குள் நிற்கிறதா என்று பார்த்த பின்பே ஒரு கணினியைத் தேர்ந்தெடுக்கிறோம். மோட்டாருக்கான பல்ஸ் எழுப்புவதையும், சுழற்சியை அளக்கும் என்கோடரை எண்ணுவதையும் கணினியிடம் விடுவதில்லை. ஈதர்நெட் வழியாக இணையும் மெசா நிறுவனத்தின் போர்டு அந்த வேலையைப் பார்க்கிறது. தங்கள் லேத்தில் உள்ள சர்வோ மோட்டாரும் அதை ஓட்டும் டிரைவும் நல்ல நிலையில் இருந்து, பிளஸ் மைனஸ் 10 வோல்ட் அனலாக் கட்டளையை ஏற்கும் வகையாக இருந்தால், 7ஐ77 போர்டைக் கொண்டு அவற்றையே வைத்துக்கொள்ளலாம். செலவில் பெரும் பகுதி அங்கேயே மிச்சமாகும். பிரஷ் வைத்த பழைய டிசி மோட்டார்களும் அவற்றின் டிரைவும் ஓய்ந்துவிட்டிருந்தால் புதிய ஏசி சர்வோவும் 7ஐ76இ போர்டும் பொருத்துகிறோம். கன்ட்ரோலும் டிரைவும் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் சீரியல் இணைப்பில் ஓடும் எந்திரங்களில் டிரைவைக் காப்பாற்ற வழியில்லை, மோட்டாரோடு சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும்.

திரெட் (மரை) சரியாக வருமா என்பதே அனைவரும் கேட்கும் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. ஜாப்பைச் சுழற்றும் ஸ்பிண்டிலோடு சுற்றும் 1024 கோடு என்கோடரை நான்கு மடங்காக எண்ணினால் சுற்றுக்கு 4096 எண்ணிக்கை கிடைக்கும். கூடவே சுற்றுக்கு ஒரு முறை இன்டெக்ஸ் பல்ஸ் வரும். மரை வெட்டும் கட்டளையான ஜி76 சுழலில் ஒவ்வொரு பாஸும் (வெட்டு ஓட்டமும்) அந்த இன்டெக்ஸுக்காகக் காத்திருந்து புறப்படுவதால் டூல் எப்போதும் அதே பள்ளத்தில் இறங்குகிறது. 600 ஆர்பிஎம்மில் 1.5 மில்லிமீட்டர் பிட்ச் வெட்டும்போது இசட் நிமிடத்துக்கு 900 மில்லிமீட்டர் ஓட வேண்டும். ஆனால் கன்ட்ரோல் பிடித்துக்கொள்வது அந்த வேகத்தை மட்டுமன்று, ஸ்பிண்டில் நிற்கும் கோணத்தையும்தான். ஆழமான பாஸில் ஸ்பிண்டில் சற்றே திணறினாலும் இசட் அதற்கேற்பத் தானும் தாமதிக்கும், பிட்ச் மாறாது. ஒன்றை மட்டும் ஆபரேட்டர் நினைவில் வைக்க வேண்டும்: நின்ற இடத்திலிருந்து வேகமெடுத்து ஸ்பிண்டிலை எட்டிப்பிடிக்க இசட்டுக்குச் சில மில்லிமீட்டர் இடம் தேவை. அந்த இடத்தை விடாமல் ஜாப்பின் முகத்தருகிலிருந்தே தொடங்கினால் முதல் ஒன்றிரண்டு மரை பிசகும், கேஜ் ஏறாது.

எங்கள் நேரத்தை அதிகம் எடுப்பது திரெட்டைவிட, டூல்களைத் தாங்கித் திருப்பி மாற்றும் டரட்தான். எட்டு நிலையுள்ள மின் டரட் ஒன்றை எடுத்துக்கொண்டால், மோட்டார் சுழன்று, நிலையைச் சொல்லும் குறியீடு கேட்ட எண்ணோடு பொருந்தியதும் சாலினாய்டு (மின்காந்தம்) பூட்டு ஊசியான பின்னை இறக்கி, பின் விழுந்தது என்று பிராக்ஸிமிட்டி சென்சர் சொன்னதும் மோட்டார் நின்று, எதிர்த்திசையில் திரும்பிப் பூட்டி, பூட்டியது என்று மற்றொரு பிராக்ஸிமிட்டி உறுதி சொன்ன பின்பே எக்ஸ், இசட் நகர வேண்டும். பழைய கன்ட்ரோலில் இந்த வரிசை, இத்தகைய படிகளை இயக்கும் பிஎல்சியின் நினைவகத்துக்குள் இருந்து, அதோடு சேர்ந்தே போய்விட்டிருக்கும். அதை லேடர் என்ற பிஎல்சி மொழியில் புதிதாக எழுதி, ஒவ்வொரு படிக்கும் கால எல்லை வைத்து, எந்தப் படியில் நின்றது என்பதைத் தமிழில் செய்தியாகத் திரையில் காட்டுகிறோம். இரவு ஷிப்டில் ஆபரேட்டர் தொலைபேசியில் ‘பின் இறங்கவில்லை என்று வருகிறது’ என்று சொன்னால், புறப்படும்போதே எந்த சென்சரை எடுத்துவர வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

பாதுகாப்பு விஷயத்தில் எங்களுக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணம் இல்லை. எமர்ஜென்சி பட்டன் மென்பொருளை நம்பி இருக்காது. சேஃப்டி ரிலே வழியாக டிரைவின் அனுமதியையும் ஸ்பிண்டிலையும் நேராகத் துண்டிக்கும், கணினிக்குச் செய்தி மட்டும் போகும். ஹைட்ராலிக் அழுத்தம் வந்து சக் பிடித்தது என்று பிரஷர் ஸ்விட்ச் சொல்லாமல் ஸ்பிண்டில் சுற்றாது. அவசரமான ஆர்டர் என்று சொல்லி இந்தப் பாதுகாப்பு ஒயரைத் தற்காலிகமாகத் தவிர்த்து இணைக்கச் சொல்ல வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

நம் ஊருக்கே உரிய தொல்லை வார்ப்பிரும்புத் தூசி. இங்கே இம்பெல்லரும் மோட்டார் பாடியும் பெரும்பாலும் கூலன்ட் இல்லாமலே கடைசல் செய்யப்படுகின்றன. அந்தக் கரித்தூளில் கிராஃபைட்டும் இரும்பும் இருப்பதால் அது மின்சாரத்தைக் கடத்தும். விசிறி வைத்த மேசைக் கணினியை லேத்தின் பக்கத்தில் வைத்தால் தூசியை அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே விசிறியற்ற தொழிற்சாலைக் கணினியையே மூடிய பேனலுக்குள் பொருத்துகிறோம். கரண்ட் திடீரென்று போனாலும் கோப்புகள் கெடாமல் கணினி முறையாக அணையும் வகையில் சிறு யுபிஎஸ் வைக்கிறோம். ஸ்பிண்டில் வேகத்தை மாற்றும் விஎஃப்டியின் கேபிளும் என்கோடர் கேபிளும் ஒரே டிரங்கில் போகக் கூடாது என்பதால் பழைய ஒயரிங்கைப் பெரும்பாலும் முழுவதும் அவிழ்க்க வேண்டியிருக்கும். நாட்கள் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

புரோகிராம்களைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்: பழைய புரோகிராம் அப்படியே ஓடாது. பழைய லேத்துகளில் காணும் ஃபானுக் கன்ட்ரோலின் வழக்கில் யு, டபிள்யு என்பவை எக்ஸ், இசட் அச்சுகளின் தொடர் நகர்வைக் குறிக்கும்; லினக்ஸ்சிஎன்சியில் அவை தனி அச்சுகளின் பெயர்கள். டி0101 என்று டூலும் ஆஃப்செட்டும் சேர்த்து எழுதுவதற்குப் பதிலாக டி1 எம்6 என்றும் ஜி43 என்றும் எழுத வேண்டும். வெட்டு வேகத்தை மாறாமல் வைக்கும் ஜி96-இல் உச்ச ஆர்பிஎம்மை ஜி50 கொண்டு கட்டியிருந்தவர்கள் இனி அதே வரியில் D எழுத்தோடு (டூலைக் குறிக்கும் T அன்று) எண்ணைக் கொடுக்க வேண்டும். இதை மறந்தால், ஜாப்பின் முகத்தைச் சமன்செய்யும் ஃபேஸிங்கின்போது மையத்தை நெருங்க நெருங்க ஸ்பிண்டில் கட்டுப்பாடின்றி ஏறும் என்பதால், மெயின் புரோகிராமில் அந்த எண் இருக்கிறதா என்று நாங்களே ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். ஜி76-இன் எழுத்துகளும் வேறு. அடிக்கடி ஓடும் ஜாப்களின் புரோகிராம்களை நாங்கள் மாற்றித் தருகிறோம்; மற்றவற்றை மாற்றத் தங்கள் ஆபரேட்டருக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். பத்தாண்டு அனுபவமுள்ள ஆபரேட்டர் இதில் தடுமாறுவது முதல் சில நாட்களுக்கு மட்டும்தான்.

வேலை முடிந்ததும் அமைப்புக் கோப்புகள், லேடர், ஒயரிங் படம் அனைத்தையும் பென்டிரைவிலும் அச்சிலும் தங்களிடம் ஒப்படைக்கிறோம். கடவுச்சொல் வைத்துப் பூட்டுவதில்லை. நாளை எங்களோடு ஒத்துவராவிட்டாலும், விவரமறிந்த வேறொருவர் அந்தக் கோப்புகளைத் திறந்து படித்துத் தொடரலாம். ஒரு கன்ட்ரோலின் ரகசியம் அதைச் செய்தவரிடம் மட்டும் இருந்ததால் நல்ல எந்திரங்கள் காயலான் கடைக்குப் போவதை இந்த வட்டாரத்தில் பார்த்துப் பார்த்து மனம் வெதும்பியவர்கள் நாங்கள். எங்கள் வேலையும் அப்படி ஒரு பூட்டாகிவிடக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறோம்.

சிலருக்கு நாங்களே வேண்டாம் என்று சொல்வோம். ஒரே வகை எந்திரங்கள் பல வரிசையாக ஓடி, ஒரே புரோகிராமை எல்லாவற்றிலும் ஏற்றும் பட்டறையில் ஒன்றை மட்டும் மாற்றினால் ஆபரேட்டர்களுக்குக் குழப்பமே மிஞ்சும். பெட் தேய்ந்தது, ஸ்பிண்டில் பேரிங் போனது, டரட் பூட்டில் ஆட்டம் என்று எல்லாம் சேர்ந்துவிட்ட எந்திரத்துக்குச் செலவழிப்பதைவிடப் புதியதற்கு வங்கிக் கடன் கேட்பது மேல். தனியாக நிற்கும், உடல் நன்றாக இருக்கும், பலவகைச் சிறு ஆர்டர்களைச் செய்யும் ஜாப் ஒர்க் லேத்துக்குத்தான் இந்த மாற்றம் முழுப் பலன் தரும்.

விருப்பமுள்ளவர்கள், நாங்கள் நேரில் வருவதற்கு முன் சிலவற்றை அனுப்பிவைத்தால் வேலை விரைவாகும்: பேனலைத் திறந்து எடுத்த படம், சர்வோ மோட்டார்கள், டிரைவுகள், ஸ்பிண்டில் மோட்டார் ஆகியவற்றின் பெயர்ப்பலகைப் படங்கள், டரட்டின் பெயர்ப்பலகை, பேனல் கதவின் உள்பக்க உறையில் இருக்கும் ஒயரிங் புத்தகமும் பாராமீட்டர் தாளும். பழைய கன்ட்ரோல் இன்னும் உயிரோடிருந்தால் இன்றே பாராமீட்டர்களைப் படமெடுத்து வையுங்கள். பேட்டரி மாற்றுவதானால், பல பழைய கன்ட்ரோல்களில் மெயின் ஸ்விட்ச் ஆனில் இருக்கும்போதே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் நினைவகம் அழிந்துவிடும். எலக்ட்ரீசியனை வைத்துக் கவனமாகச் செய்யவும். ஆயுத பூஜை விடுமுறையையொட்டி எந்திரத்தை நிறுத்த நினைப்பவர்கள், போர்டும் டிரைவும் வந்துசேரக் காலம் பிடிக்கும் என்பதால், ஆடி மாதத்திலேயே தெரிவித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நலம் விரும்பும்,
ரெட்ரோஃபிட் பிரிவு,
கணபதி, கோயம்புத்தூர்