ஒட்டுப்போட்ட வருமானக் கோடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கவுண்டிகளின் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகளின்) வருமானம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில், 1999 முதல் அண்மைக்காலம் வரை ஒரே கோடாக வரைபடம் போட்டிருந்தீர்கள். அந்தக் கோட்டில் மூன்று வெவ்வேறு கணக்குகள் ஒட்டுப்போடப்பட்டிருக்கின்றன. அதைப் பார்த்து எந்தக் கவுண்டி உயர்ந்தது, எது சரிந்தது என்று வாசகர்கள் முடிவுகட்டிவிடக் கூடாது.

2000 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் நீள்படிவம் (கூடுதல் கேள்விகள் கொண்ட படிவம்) ஏறத்தாழ ஆறு வீட்டுக்கு ஒன்று என்று போனது. அது கேட்டது 1999-ஆம் ஆண்டு வருமானத்தை. அந்தப் படிவம் அத்தோடு நின்றது. 2005 முதல் முழு அளவில் நடக்கும் அமெரிக்கச் சமூக ஆய்வு (ஏ.சி.எஸ்.) மாதாமாதம் வீடுகளை அணுகி, 'கடந்த 12 மாத' வருமானத்தைக் கேட்கிறது. ஜனவரியில் பதில் சொன்னவருக்கு அது முந்தைய ஆண்டு. டிசம்பரில் சொன்னவருக்குப் பெரும்பாலும் நடப்பாண்டு. ஆக, ஓர் ஆண்டின் எண்ணுக்குள் 23 மாத வருமானம் கலந்திருக்கிறது.

இதிலும் வழக்கமான ஓராண்டு எண் 65,000 பேருக்குக் குறையாத கவுண்டிகளுக்கு மட்டுமே வெளியாகிறது. மொத்தமுள்ள மூவாயிரத்துச் சொச்சத்தில் அவை நான்கில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். மற்றவற்றுக்குப் பெரும்பாலும் ஐந்தாண்டுத் தொகுப்புதான். 2014–2018, 2015–2019 தொகுப்புகளை அடுத்தடுத்த ஆண்டுகள்போல ஒப்பிட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் நான்கு ஆண்டுச் சாம்பிள் பொது. ஒப்பிட வேண்டுமானால் 2010–2014, 2015–2019 என்று ஒன்றன்மேல் ஒன்று படியாத தொகுப்புகளை எடுக்க வேண்டும்.

அதிலும் ஒரு பொறி உண்டு. ஒவ்வொரு தொகுப்பும் அதன் கடைசி ஆண்டு டாலரில் இருக்கும். எடுத்துக்காட்டாக, ஒரு சிறு கவுண்டியின் இடைநிலை வருமானம் (பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் இருக்கும் நடு எண்) முதல் தொகுப்பில் 48,000 டாலர், பிழை வரம்பு (சாம்பிளால் எண் எவ்வளவு தவறக்கூடும் என்ற அளவு) ±4,200. அடுத்ததில் 51,000 டாலர், ±3,900 என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு 3,000 டாலர் ஏற்றம். ஆனால் 2014-க்கும் 2019-க்கும் இடையே விலைவாசி ஏறத்தாழ 8 விழுக்காடு ஏறியது. 48,000-ஐ 1.08-ஆல் பெருக்கினால் 51,840. ஏற்றம் 840 டாலர் இறக்கமாகிவிட்டது! பிழை வரம்பையும் அதே 1.08-ஆல் பெருக்கினால் 4,536. இரண்டு வரம்புகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 5,980. வித்தியாசம் இதைத் தாண்டினால்தான் 90 விழுக்காடு நம்பிக்கையில் மாற்றம் என்று சொல்லலாம். 840 அதன் பக்கத்திலேயே வரவில்லை. ஏறியது என்றும் சொல்ல முடியாது, இறங்கியது என்றும் சொல்ல முடியாது.

சிறு கவுண்டிகளுக்கு ஆண்டுதோறும் எண் வேண்டுமென்றால், அதே கணக்கெடுப்புத் துறை தரும் எஸ்.ஏ.ஐ.பி.இ. என்ற சிறுபகுதி மதிப்பீடு இருக்கிறது. வருமான வரித் தாக்கல்கள் போன்ற நிர்வாகப் பதிவுகளை வைத்து ஒரு ரிக்ரெஷன் மாடல் (பதிவுகளிலிருந்து வருமானத்தைக் கணிக்கும் சூத்திரம்) ஓட்டி, அது சொல்லும் எண்ணையும் ஆய்வில் நேரடியாகக் கிடைத்த எண்ணையும் எடைபோட்டுச் சேர்க்கிறார்கள். சாம்பிள் பெரிதானால் நேரடி எண்ணுக்கு எடை கூடும். சிறுத்தால் மாடலுக்குக் கூடும். 2020-இல் வெறும் 64 பேர் இருந்த டெக்சாஸின் லவிங் கவுண்டி போன்ற இடத்தில் மாடலின் கைதான் ஓங்கியிருக்கும். பதிவுகளில் தெரியாத திடீர் மாற்றம் அங்கே மங்கலாகத்தான் தெரியும். இந்தத் தொடருக்கு அடிப்படையான ஆய்வு 2005-இல் சி.பி.எஸ். என்ற வேறொரு மக்கள்தொகை ஆய்விலிருந்து ஏ.சி.எஸ்.-க்கு மாறியது. 2004-க்கும் 2005-க்கும் இடையே கோட்டை இணைக்கவே கூடாது. தொகை அந்தந்த ஆண்டு டாலரிலேயே இருக்கும். விலைவாசித் திருத்தம் நம் பொறுப்பு.

கவுண்டிகளின் எல்லையும் நிலையாக நிற்பதில்லை. கொலராடோவில் புரூம்ஃபீல்ட் 2001-இல் நான்கு கவுண்டிகளிலிருந்து பிரிந்தது. கனெக்டிகட்டின் 8 கவுண்டிகளுக்குப் பதிலாக, 2022 ஏ.சி.எஸ். முதல் 9 திட்டமிடல் வட்டாரங்கள் வந்துவிட்டன. இரண்டு கவுண்டிகளைச் சேர்த்துப் பார்க்க நேர்ந்தால், தங்கள் கட்டுரையாளர் செய்ததுபோல இடைநிலைகளைக் கூட்டி இரண்டால் வகுப்பது தவறு. வருமான அடுக்கு அட்டவணையில் இரண்டின் எண்ணிக்கைகளையும் கூட்ட வேண்டும். கூட்டினால் 9,000 குடித்தனம் (ஒரே வீட்டில் வசிப்போர் ஒரு குடித்தனம்) என்றால் நடு 4,500. 60,000 டாலருக்குக் கீழே 4,100 குடித்தனங்களும், 60,000 முதல் 75,000-க்குள் 1,000 குடித்தனங்களும் இருந்தால், அந்த அடுக்குக்குள் இன்னும் 400 குடித்தனம் நகர வேண்டும்: 60,000 + 0.4 × 15,000 = 66,000.

கடைசியாக, மொழி சார்ந்த ஒன்று. கட்டுரை முழுக்கக் 'குடும்ப வருமானம்' என்றே எழுதியிருந்தீர்கள். அமெரிக்கக் கணக்கெடுப்பில் குடித்தனமும் குடும்பமும் (உறவினர்களாகச் சேர்ந்து வாழ்வோர்) தனித்தனி அட்டவணைகள். தனியாக வாழும் மூதாட்டி ஒரு குடித்தனம். வாடகை வீட்டைப் பகிரும் நான்கு மாணவர்களும் ஒரு குடித்தனம். இரண்டும் குடும்பக் கணக்கில் வராது. இதனால் குடித்தன இடைநிலை பொதுவாகக் குடும்ப இடைநிலையைவிடத் தாழ்வாக இருக்கும். கல்லூரி நகரங்களில் இந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு விரிந்திருக்கும். தங்கள் வரைபடத்தின் 1999 புள்ளி எந்த அட்டவணையிலிருந்து எடுக்கப்பட்டது என்று தெரிவித்து, தொடர் மாறும் இடங்களில் கோட்டை வெட்டி, பிழை வரம்புகளோடு அடுத்த இதழில் மறுபடி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்