மனம் நிற்கவில்லை என்று எழுதிய தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

கண்ணை மூடி உட்கார்ந்தால் சீட்டுப் பணமும் மகனின் பரீட்சையும் நாத்தனார் சொன்ன சொல்லும்தான் வருகின்றன, எனக்குத் தியானம் கைகூடாது என்று எழுதியிருந்தாய். இந்தக் குறையை வேறு பலரும் என்னிடம் சொல்லியிருப்பதால் பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

"எதையும் நினைக்காதே" என்று உனக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குடும்பத்தையும் தறிக் கணக்கையும் நாள் முழுவதும் சுமக்கிறவளிடம் விடியற்காலையில் மனத்தைத் துடைத்து வை என்றால் எப்படி முடியும்? மனத்தை அடக்குவது காற்றை அடக்குவது போலக் கடினம் என்று கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் அர்ஜுனனே முறையிடுகிறான். கடினம்தான் என்று கண்ணனும் ஒப்புக்கொள்கிறான். ஆனால் பயிற்சியாலும் பற்றின்மையாலும் அது வசப்படும் என்கிறான். மனம் எங்கெங்கே ஓடுகிறதோ அங்கிருந்தெல்லாம் மீட்டுக் கொண்டு வா என்று அதற்குச் சற்று முன்புதான் சொல்லியிருக்கிறான். ஓடும் என்று தெரிந்துதானே சொல்கிறான்! சீட்டுப் பணத்திலிருந்து நீ மனத்தைத் திருப்பினாயே, அந்தப் பயிற்சி அதுதான்.

திருப்பி எங்கே கொண்டு வருவது என்பதுதான் கேள்வி. நம் தொண்டை நாட்டுப் பூசலாரை நினைத்துக்கொள். திருநின்றவூரில் சிவனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டார், கையில் காசில்லை. மனத்துக்குள்ளேயே பொருள் சேர்த்தார், தச்சரை வரவழைத்தார், அடித்தளம் இட்டார். இரவிலும் உறங்காமல் விமானம் எழுப்பிச் சுதை பூசினார். கிணறு, மதில், குளம் எதையும் விடவில்லை. குடமுழுக்குக்கு அவர் குறித்த நாளிலேயே காஞ்சியில் மன்னனும் தன் கற்கோயிலுக்கு நாள் குறித்திருந்தான். இறைவன் அவன் கனவில் தோன்றி, நாளை நாம் பூசலார் கோயிலுக்குப் போகிறோம், நீ வேறு நாள் வைத்துக்கொள் என்றார். ஓடும் மனத்தைக் கட்டிப்போடாமல், அதன் ஓட்டத்தை எல்லாம் கோயில் வேலைக்கே கொடுத்துவிட்டார் பூசலார். படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்குகிறது.

நீ புதிதாகக் கட்ட வேண்டாம். வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் இருக்கிறார். மனத்தாலேயே அகழியைக் கடந்து உள்ளே போ. கோபுரத்தை நிமிர்ந்து பார். கல்யாண மண்டபத்தில் யாளியும் குதிரை வீரரும் நிற்கும் தூண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நட, அவசரமே வேண்டாம். விதானத்தில் தாமரையைச் சுற்றித் தலைகீழாக இருக்கும் கிளிகளைக் கொஞ்ச நேரம் பார். பிறகு நந்தி, பிறகு கருவறை விளக்கு. நடுவில் நாத்தனார் வந்தால் எந்தத் தூணருகே விட்டாயோ அங்கிருந்தே மறுபடி நட.

அந்தக் கருவறையே நெடுங்காலம் பூசையின்றிக் கிடந்ததுதான். 1981-இல்தான் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து உள்ளே நிறுவினார்கள். அம்மா தலைமுறை வெறும் கருவறையைப் பார்த்தே கும்பிட்டது. கண்ணுக்கு எதிரே சாமி இல்லாதபோதும் அவர்களால் கும்பிட முடிந்ததே!

சன்னதியை அடைந்ததும் ஐந்தெழுத்தைச் சொல். முதலில் காதில் விழும்படி. மனம் தணிந்ததும் உதடு மட்டும் அசையட்டும். அதற்குப் பின் உள்ளுக்குள். வாசிகம், உபாம்சு, மானசம் என்று பெரியவர்கள் வகுத்த வரிசை இது. எடுத்த எடுப்பில் மானசத்துக்குத் தாவுவதால்தான் பலருக்குத் தூக்கம் வருகிறது என்பது என் எண்ணம்.

பணம் கட்டி வகுப்பில் சேரட்டுமா என்றும் கேட்டிருந்தாய். இப்போது வேண்டாம். வருகிற பிரதோஷத்துக்குக் குடியாத்தத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிடு. கூட்டம் சேரும் முன்பே கோயிலுக்குப் போய்விடலாம். மண்டபத்தைத் தூண் தூணாகப் பார்க்க உனக்கு நேரம் கிடைக்கும். மகனையும் அழைத்து வா.

அன்புடன்,
உன் அண்ணன்