கண்டல் நடுவோரே, இடைவெளியையும் பாருங்கள்

வனவளத் திணைக்களத்துக்கும், முல்லைத்தீவுக் கரையில் கண்டல், அதாவது உவர்நீர்ச் சேற்றில் வளரும் கரையோர மரம், நட வரும் நிறுவனங்களுக்கும் வணக்கம்.

நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் மூன்றும் வரைபடத்தில் ஒரே கரையில் அடுத்தடுத்துத் தெரியும் களப்புகள். கண்டல் விதைக்கு அவை தூரம். இடையில் அளம்பில், செம்மலைப் பக்கம் திறந்த மணற்கரை. அலை அடிக்கிற மணலில் கண்டல் வேர் பிடிக்காது. களப்பின் வாயும் கோடையில் மண் மூடிக் கிடக்கும். மாரி வெள்ளம் உடைத்தால், அல்லது கடற்றொழிலாளர் மணலை வெட்டிவிட்டால்தான் உள்ளே உதிர்ந்த விதை கடலைக் காணும்.

வெண்கண்டலின் மகரந்தத்தைக் காவுவது தேனீ போன்ற பூச்சிகள். அவை இவ்வளவு வெளியைத் தாண்டிப் போவது அரிது. ஆகவே களப்புக்குக் களப்பு உறவை வைத்திருப்பது மிதக்கும் முளைதான். மரத்திலேயே முளைத்து நீண்டு தொங்கும் ரைசோபோரா என்ற கண்டல் வகையின் காய் பல வாரம் உயிரோடு மிதக்கும். வெண்கண்டல் விதையோ பெரும்பாலும் தாய்மரத்துக்குக் கிட்டவே தங்கிவிடும். ஒரே இடைவெளி ஒரு மரத்துக்குப் பாதை, இன்னொன்றுக்கு மதில்.

தொடர்பு அறுந்த சிறு தோப்பில் உறவு மரங்களே தமக்குள் கலக்கும். தலைமுறைக்குத் தலைமுறை மரபணு வகைகள் குறையும். இலை பச்சையாகத்தான் இருக்கும். அதனால்தான் எனக்கு இதில் இவ்வளவு பயம். உப்பும் வெயிலும் ஏறும் காலத்தில் தாக்குப்பிடிக்கும் மரபு அங்கே மிஞ்சாமல் போகலாம்.

சுனாமிக்குப் பிறகு இலங்கையில் நட்டவற்றுக்கு என்ன நடந்தது என்பதை 2017இல் வெளியான ஆய்வு சொல்கிறது: 23 இடங்களில் 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நடப்பட்டும், தேறியது 200 முதல் 220 ஹெக்டேயர்தான். 9 இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. கன்றுக் கணக்கை மட்டும் எழுதி அனுப்பும் பழக்கம் போதும்.

ஒரு மரத்தடியில் அள்ளிய முளைகளால் தோப்பு முழுவதையும் நிரப்பாதீர்கள். அந்தக் களப்பிலும் அயல் களப்பிலும் பல மரங்களிலிருந்து எடுங்கள். தூர மாவட்டத்திலிருந்து லொறியில் ஏற்றி வரவும் வேண்டாம். வீதிக்கோ இறங்குதுறைக்கோ 'நாலைந்து மரம்தானே' என்று வெட்ட அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள்; இரண்டு தோப்புகளுக்கு நடுவே முளை தங்கி வளர்ந்து மறுபடி விதைக்கும் இடம் அதுதான். களப்பு வாயில் எதைக் கட்டுவதானாலும் முதலில் கடற்றொழிலாளர் சங்கத்தைக் கேளுங்கள். நீர் எந்த மாதம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அடுத்த நடுகைக்கு முன் மூன்று களப்புகளிலும் இலை மாதிரி எடுக்க யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தையோ வவுனியாப் பல்கலைக்கழகத்தையோ அழையுங்கள். நாற்றுமேடைப் பதிவேட்டில் ஒவ்வொரு முளையும் எந்தக் களப்பிலிருந்து, எத்தனை தாய்மரங்களிலிருந்து வந்தது என்று எழுதி, அந்தப் பதிவேட்டை ஊர் மக்கள் பார்க்கவும் விடுங்கள்.