கிரயப் பத்திரத்தில் இல்லாத ஒரு பெயர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீடு, மனை வாங்குவோரும் விற்போரும் தரகர்களை நம்பலாமா என்று வாசகர்கள் சிலர் தங்கள் நாளிதழில் எழுதிவருவதைப் படிக்கிறேன். எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் சென்னையில் அடுக்குமாடி வீடு வாங்கியவர்கள். நான் திருவண்ணாமலையில் உரிமம் பெற்ற ஆவண எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன். இங்கே கைமாறுவது பெரும்பாலும் நஞ்சையும் புஞ்சையும், அவற்றைப் பிரித்துப் போட்ட மனைகளும்தான். தரகரிடம் ஏமாறுவது வாங்குகிறவர் மட்டுமல்ல. என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தவர்களில் அதிகம் இழந்தவர்கள் விற்றவர்களே. அவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன்.

வீட்டில் உள்ள கிரயப் பத்திரம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். எழுதிக்கொடுப்பவர், எழுதிவாங்குபவர், இருவரின் தகப்பனார் பெயர், விலாசம், அடையாள அட்டை விவரம் எல்லாம் இருக்கும். சாட்சிகள் இருவரின் கையெழுத்து இருக்கும். கடைசிப் பக்கத்தில் ஆவணம் எழுதியவரின் பெயரும் உரிம எண்ணும் இருக்கும். 1982-ஆம் ஆண்டு ஆவண எழுத்தர் உரிம விதிகள் எங்களைக் கட்டுப்படுத்துகின்றன. முறைகேடு செய்தால் உரிமம் போய்விடும். ஆனால் இவர்கள் அத்தனை பேரையும் ஒன்றுசேர்த்து, விலை பேசி முடித்து, எங்கள் எல்லோரையும்விட அதிகம் சம்பாதித்துப் போகும் தரகரின் பெயர் அந்தப் பத்திரத்தில் ஒரு வரியிலும் இருக்காது.

நடப்பது இதுதான். செங்கம் சாலைப் பக்கம் ஒரு பெரியவருக்கு அறுபது சென்ட் புஞ்சை இருந்தது. பேத்தி கல்யாணத்துக்காக விற்க வேண்டிய நிலை. தெரிந்த தரகர் வந்து, "பெரியப்பா, சென்ட் எண்பதாயிரத்துக்கு மேல ஒத்த ரூபா போகாது. நான் முடிச்சுக் குடுக்கறேன், கமிஷன் ரெண்டு பர்சென்ட் குடுத்தா போதும்" என்றார். மூன்று மாதக் கெடு வைத்துத் தன் பெயரிலேயே ஓர் அக்ரிமென்ட் போட்டு, ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்தார். பிறகு அதே நிலத்தை வெளியூர்க்காரர் ஒருவரிடம் சென்ட் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்குப் பேசி முடித்தார். பதிவு நாள் வரை வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பெரியவரிடமிருந்து வெளியூர்க்காரருக்கு நேராகக் கிரயம் எழுதப்பட்டது. பத்திரத்தில் காட்டிய தொகை அரசு வழிகாட்டி மதிப்பு மட்டுமே என்பதால், உண்மை விலையை அதைப் படித்தும் தெரிந்துகொள்ள முடியாது. பெரியவர் கைக்கு வந்தது 48 லட்சம். வாங்கியவர் கொடுத்தது 78 லட்சம். நடுவில் நின்ற 30 லட்சத்தைத் தவிர, இருபக்கமும் நூற்றுக்கு இரண்டு கமிஷனும் தரகருக்குத்தான்.

இதற்கு 'மேலே வைத்து விற்பது' என்று பெயர். இதில் குற்றமென்ன, அவர் கேட்ட விலை அவருக்குக் கிடைத்துவிட்டதே என்று சொல்பவர்கள் உண்டு. இதை நான் ஒருபோதும் ஏற்றதில்லை. தன் முழுப் பணத்தைப் போட்டு வாங்கி, முத்திரைத் தீர்வை கட்டி, விலை இறங்கினால் நட்டத்தையும் தாங்கி விற்பவர் வியாபாரி. அவர் எவ்வளவு லாபம் வைத்தாலும் அது அவர் பாடு. "நான் உங்க ஆளு" என்று சொல்லிக் கமிஷனும் வாங்கிக்கொண்டு, அந்த ஆளுக்கே விலையை மறைப்பது வேறு.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டுமல்ல. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 216-ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. முகவர், தன்னை அமர்த்தியவருக்குத் தெரியாமல் அந்த வேலையிலேயே தன் கணக்கில் வியாபாரம் செய்தால், அதில் கிடைத்த ஆதாயத்தைக் கேட்டுப் பெற அமர்த்தியவருக்கு உரிமை உண்டு. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கும் சட்டம் இது. ஆனால் அந்தப் பெரியவர் நீதிமன்றம் போனால், இவர் என் தரகர் என்று எதைக் காட்டி நிரூபிப்பார்? தரகராக அமர்த்தியதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. கையில் உள்ள ஒரே காகிதமான அக்ரிமென்டும் தரகரை வாங்குகிறவர் என்றே காட்டும்.

வாங்குகிறவர்கள் படும் பாடும் தெரியும். பௌர்ணமிக்கு வருகிறார்கள், கிரிவலம் பதினான்கு கிலோமீட்டரும் நடந்து மனம் நிறைந்திருக்கும் நேரத்தில், வேட்டவலம் சாலையிலோ அவலூர்பேட்டை சாலையிலோ ஒரு மனையைக் காட்டி, "இங்கேருந்தே மலை தெரியுது பாருங்க சார்" என்கிறார் தரகர். அன்று மாலையே டோக்கன் அட்வான்ஸ் கேட்கிறார். ஆந்திராவிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வருபவர்களுக்குத் தமிழில் இருக்கும் பட்டாவைப் படிக்கவும் தெரியாது. 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற சொல்லை இன்றும் கூசாமல் சொல்கிறார்கள். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககம்தான் அனுமதி தர முடியும். ஊராட்சித் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் அதற்கு ஈடாகாது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது எத்தனை குடும்பங்கள் தவித்தன என்பதை எங்கள் தெருவே அறியும். அந்த மனைகளை முறைப்படுத்த அதன்பின் வந்த வரன்முறைத் திட்டமும் 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளை வைத்தே வகுக்கப்பட்டது.

ரொக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. நிலத்துக்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் 2015 முதல் சொல்கிறது. வாங்கினால் அதே அளவு அபராதம், அதுவும் பணத்தை வாங்கியவர் தலையில். ரொக்கமாகவே முடித்துவிடலாம் என்று யோசனை சொன்ன தரகருக்கு இதில் ஒன்றும் வராது.

இவ்வளவு சொன்னாலும் தரகரே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். வில்லங்கச் சான்றை இன்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். பட்டா, சிட்டாவும் அப்படியே. ஆனால் வில்லங்கச் சான்றில் வருவது பதிவான ஆவணங்கள் மட்டும். கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு, வண்டிப்பாதையை மழைக்காலத்தில் யார் மறிப்பார், கோயில் நிலம் எந்த வரப்போடு முடிகிறது, எந்தத் துண்டு ஆதிதிராவிடருக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலம் என்பதெல்லாம் ஊரில் நடந்து திரிந்தவருக்குத்தான் தெரியும்.

அப்படி ஒருவர் இருந்தார். கடைசிவரை சைக்கிளில்தான் வருவார். தகப்பன் இறந்தபின் அண்ணன் தம்பி இருவர் நிலத்தை விற்க வந்தார்கள். காகிதமெல்லாம் சரியாகவே இருந்தது. இவர்தான், "தங்கச்சி ஒண்ணு செஞ்சியில கட்டிக் குடுத்திருக்கே, அது கையெழுத்து எங்கே?" என்று கேட்டார். தகப்பன் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்கு 1956 முதலே பங்கு உண்டு. பூர்வீகச் சொத்திலும் தமிழ்நாடு 1989-இலேயே உரிமை கொடுத்தது. மத்திய அரசின் திருத்தம் வந்தது 2005-இல்தான். "கல்யாணத்துக்குச் சீர் செஞ்சாச்சே" என்று அண்ணன்கள் முறைத்தார்கள். இவர் அசையவில்லை. செஞ்சிக்குப் போய் அந்தப் பெண்ணைக் கூட்டிவந்து, அவள் பங்கையும் பேசி முடித்த பிறகே கிரயத்துக்கு நாள் குறித்தார். பேரம் இரண்டு மாதம் தள்ளிப்போனது. பேசிய கமிஷனுக்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை. வாங்கியவருக்குப் பின்னால் வரவிருந்த ஒரு வழக்கையே அவர் தடுத்தார். அந்த வேலைக்கு நூற்றுக்கு இரண்டு மிகக் குறைவு என்பேன்.

இந்தச் சைக்கிள்காரரையும் அந்த அக்ரிமென்ட்காரரையும் வெளியூர்க்காரர் எப்படிப் பிரித்தறிவார்? 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் முகவர்களும் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் அது பதிவு பெற்ற திட்டங்களில் மனையோ வீடோ விற்கும் முகவர்களுக்கு மட்டும். 500 சதுர மீட்டருக்கோ எட்டு வீட்டுக்கோ மேற்படாத சிறு திட்டங்களுக்குப் பதிவே தேவையில்லை. ஒருவர் தன் புஞ்சையை விற்பதும், பழைய வீட்டை இன்னொருவருக்குக் கொடுப்பதும் அதற்குள் வராது. எங்கள் ஊரில் கிரயமாவதில் பெரும்பங்கு அந்த வகைதான். அரியானா மாநிலம் 2008-லேயே சொத்துத் தரகர்களுக்கு உரிமம் வேண்டும் என்று தனிச் சட்டம் போட்டது. தமிழ்நாட்டில் பத்திரம் எழுதுகிறவனுக்கு உரிமம் வேண்டும், அந்தப் பத்திரத்துக்கே காரணமானவருக்கு வேண்டாம் என்பது எந்த விதத்தில் சரி?

பதிவுத் துறையிடம் நான் கேட்பது சிறிய காரியம். கிரயப் பத்திரத்திலும் விற்பனை உடன்படிக்கையிலும் தரகர் பெயர், விலாசம், யாரிடம் எவ்வளவு கமிஷன் பெற்றார் என்ற விவரத்தைக் கட்டாயமாக்குங்கள். தரகர் இல்லையென்றால் இல்லை என்று இரு தரப்பும் எழுதட்டும். தொகையைக் குறைத்து எழுதுவார்கள் என்று சிலர் சொல்லலாம். எழுதட்டும். பெயர் பதிவாகிவிட்டால் அந்தப் பெரியவருக்கு வழக்குப் போட ஓர் ஆதாரம் கிடைத்துவிடும். நேர்மையான தரகருக்கும் தான் செய்த வேலை பதிவாவதில் என்ன நட்டம்?

விற்பவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தரகர் பெயரில் அக்ரிமென்ட் போடாதீர்கள். வாங்குகிறவரை நேரில் பார்க்காமல் விலைக்குச் சம்மதிக்காதீர்கள். உடன்படிக்கை எழுதும்போது இந்த ஒரு வாசகத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள்: "மேற்படி சொத்தின் முழு விற்பனை விலை இதில் கண்ட தொகையே என்றும், கீழ்க்கண்ட கமிஷன் தவிர இதற்கு மேல் எவருக்கும் எந்தத் தொகையும் தரப்படவில்லை என்றும், இன்னார் இரு தரப்புக்கும் தரகராக இருந்து இன்ன தொகையைக் கமிஷனாகப் பெற்றுக்கொண்டார் என்றும் இரு தரப்பாரும் உறுதி கூறுகிறோம்." கீழே தரகரும் கையெழுத்துப் போடட்டும். போட மறுப்பவரிடம் உங்கள் நிலத்தைக் கொடுத்து விற்கச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆவண எழுத்தர் ஒருவர்,
திருவண்ணாமலை.