லார்வாவின் படமும் வேண்டும்

ஆசிரியருக்கு,

அறிவியல் பக்கத்தில் கடலின் சிற்றுயிர்களைப் பற்றி எழுதும்போது வளர்ந்த உருவத்தை மட்டுமே படமாக வெளியிடுகிறீர்கள். முட்டையிலிருந்து வெளிவரும் இளம் உருவமான லார்வாவைக் காட்டாதவரை அது பாதிக் கதைதான்.

பாறையில் ஒட்டிக் கிடக்கும் கொட்டலசைப் பாருங்கள். சுண்ணாம்பு ஓடு இருப்பதால் அதைச் சிப்பி, நத்தைகளோடு சேர்த்து வைத்திருந்தார்கள். 1830இல் இயற்கையியலாளர் ஜான் வாகன் தாம்சன் அதன் நீந்தும் லார்வாவை விவரித்த பிறகே அது இறால், நண்டுகளின் உறவு என்று தெளிந்தது. அந்த லார்வாவின் கடைசிக் கட்டமான சைப்ரிட் எதையும் உண்பதில்லை. ஒட்ட இடம் தேடுவதொன்றே அதன் வேலை. பசை சுரந்து ஒட்டிக்கொண்ட பின் ஆயுள் முழுக்க அதே இடம்தான். எனக்கு இதைவிடப் பெரிய வியப்பு வேறில்லை.

கடலடியில் ஒட்டி வாழும் அசிடியன் என்ற உயிரும் அப்படித்தான். பார்வைக்கு வெறும் பை. லார்வாவிலோ வாலும், உடலைத் தாங்கும் தண்டு போன்ற முதுகுநாணும் உண்டு. 1866இல் ரஷ்ய உயிரியலாளர் கோவலெவ்ஸ்கி அதன் கருவளர்ச்சியை ஆராய்ந்து, முதுகெலும்பிகளோடு அதற்குள்ள உறவைக் காட்டினார். வளர்ந்த உடலில் அந்த நாண் மறைந்துவிடுகிறது.

அடுத்த முறை லார்வாவின் படத்தையும் அருகில் அச்சிடுங்கள். பல லார்வாக்கள் ஒரு மில்லிமீட்டர்கூட இரா. ஆகவே அளவுகோலையும் மறக்காமல் சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்