புள்ளி வெச்சுக் குடுத்தவங்களுக்கு நன்றிங்க

எல்லாருக்கும் வணக்கமுங்க. போன ஆடியில இருந்து இந்த ஆடிக்குள்ள என்னை ஒரு வழியா தூங்க வெச்சவங்க கொஞ்சப் பேரு இருக்காங்க, நேர்ல சொன்னா "அட உடு கண்ணு, இதுக்கெல்லாம் போயி"ன்னு பேச்சை மாத்திருவாங்க, அதனால இங்கயே எழுதிப் போட்டர்றேன்.

நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில மெர்ச்சன்டைசர். பையர் கேக்கற தேதிக்கும் டையிங்ல இருந்து துணி வர்ற தேதிக்கும் நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் சமாளிக்கறதுதான் வேலை. பகல்ல அது ஒண்ணும் பண்ணாதுங்க. ரவைக்கு ரெண்டே முக்காலுக்கு முழிப்புத் தட்டும் பாருங்க, லேப் டிப் (சாயம் போடறதுக்கு முன்னால பையருக்கு அனுப்பற கலர் சாம்பிள் துணிங்க) அப்ரூவல் வந்துச்சா, பாப்பாவுக்கு ஃபீஸ் கட்ட கடைசி தேதி என்னைக்கு, அத்தைக்கு பிரஷர் மாத்திரை தீந்துருச்சே, பொடக்காலி கதவைச் சாத்துனமா, மறுக்காவும் லேப் டிப்... மேல சுத்தற ஃபேனுக்கும் என்ற மண்டைக்கும் போட்டிதான்.

மொதல்ல பாத்த ஒரு டாக்டர், பேரு வேண்டாமுங்க, ரெண்டு நிமிசத்துல மாத்திரை எழுதிக் குடுத்து "ஃப்ரீயா இருங்கம்மா"ன்னு அனுப்பிட்டாரு. ஃப்ரீயா இருக்கத் தெரிஞ்சா நான் எதுக்குங்க டோக்கன் போட்டுட்டு ஒக்காந்திருக்கேன்.

ஒரு நா ராத்திரி முடியாம 14416க்கு கூப்பிட்டுட்டேன். டெலி மனாஸ்னு மனசு சரியில்லாதவங்க கூப்பிடற ஹெல்ப்லைன், அரசாங்கத்தோடது, காசு கெடையாது, எந்நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயே பேசறாங்க. அந்த நேரத்துல போனை எடுத்து, அவசரப்படுத்தாம நான் அழுது முடிக்கற வரைக்கும் லைன்ல இருந்த அந்தப் பொண்ணுக்குத்தான் மொத நன்றி. பேரு கூட நான் கேட்டுக்கல. நேர்ல ஒருத்தரைப் பாருங்கன்னு அவங்க சொல்லித்தான் கோயமுத்தூர் கவுன்சிலர் மேடத்துகிட்ட போனது.

மேடம் மொத நாள் ஒண்ணுமே பெருசா கேக்கல. ஒரு ஏ4 பேப்பரு, பாப்பா வெச்சிருக்கற மாதிரி க்ரயான் டப்பா. கண்ணை மூடிட்டு, மண்டைக்குள்ள எப்படி ஓடுதோ அப்படியே கையை ஓட உடுங்கன்னாங்க. எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. சரி காசு குடுத்தாச்சுன்னு கறுப்பை எடுத்து கிறுக்குனேன், கிறுக்குன கிறுக்குல பேப்பரு கிழிஞ்சு டேபிள்மேல கோடு உழுந்துருச்சு. மன்னிச்சுக்குங்க மேடம்னேன். அவங்க அந்தக் கிழிஞ்ச எடத்தைத் தொட்டுக் காட்டி "இங்க என்ன ஓடுச்சு"ன்னு மட்டும் கேட்டாங்க. ஒன்றரை வருசமா ஊட்டுல யாருகிட்டயும் சொல்லாதது அப்பத்தான் வாயில வந்துச்சு. அது என்னன்னு இங்க வேண்டாமுங்க.

எனக்கு வரையவே வராதுங்கன்னு நான் திரும்பத் திரும்ப சொன்னதுக்கு ரெண்டு சங்கதி சொன்னாங்க. ஆர்ட் தெரபின்னு 1942ல பேரு வெச்சது அட்ரியன் ஹில்னு ஒரு இங்கிலாந்து ஓவியராம், டிபி வந்து சானடோரியத்துல படுத்திருந்தப்ப படம் வரைஞ்சு வரைஞ்சுதான் அவரு பொழுதை ஓட்டுனாராம். சானடோரியம்னதும் எனக்கு பெருந்துறைதான் கண்ணுல வந்துச்சு, எங்க அப்புச்சி அங்க படுத்திருந்தாருன்னு அமுச்சி சொல்லும், அவருக்கு யாரு பேப்பரு குடுத்திருப்பாங்க. இன்னொண்ணு, 2016ல அமெரிக்காவுல 39 பேரை முக்கா மணி நேரம் சும்மா களிமண்ணு, ஸ்கெட்ச்னு கையில குடுத்து ஒக்கார வெச்சுப் பாத்திருக்காங்க, முக்காவாசிப் பேருக்கு டென்ஷன்ல ஏற்ற கார்ட்டிசால்ங்கற ஹார்மோன் எறங்கியிருக்கு, வரையத் தெரிஞ்சவங்க தெரியாதவங்கன்னு பெருசா வித்தியாசமில்லையாம். அதுக்கப்பறந்தான் வாயை மூடிட்டு வரைஞ்சேன்.

அடுத்த வாரம் ஒரு மண்டை மட்டும் வரைஞ்சு குடுத்து, உள்ள ஓடற ஒவ்வொண்ணையும் அது அடைச்சிருக்கற அளவுக்கு வட்டமா போடுங்க, கலர் உங்க இஷ்டம்னாங்க. நானூறு வட்டம் வரும்னு நெனச்சேன். பதினொண்ணுதாங்க! அதுலயும் நாலு அதே லேப் டிப், வேற வேற பேருல.

ஊட்லயும் வரையச் சொன்னாங்களா, நம்ம கட்டிங் மாஸ்டர் அண்ணன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்காம மார்க்கர் பேப்பர் ரோல்ல மீந்ததை எல்லாம் சுருட்டிக் குடுத்தாரு. ஒரு பக்கம் கையி, கழுத்து, முதுகுன்னு சைஸ் போட்டிருக்கும், மறுபக்கம் வெள்ளை. அண்ணா, நெம்ப நன்றிங்ணா.

இப்ப எங்க அத்தை. ஒரு நா விடியக்காலம் நான் ஆசாரத்துல பேப்பரை விரிச்சுப் போட்டு கிறுக்கிட்டு இருக்கேன், அத்தை கோலமாவு போசியோட வந்து நின்னு பாத்துச்சு. பயந்துட்டேன். ஏன்னா ஒறம்பரையில ஒருத்தரு ஏற்கெனவே "அம்முணி பைத்தியகார டாக்டருகிட்ட போகுதாமா"ன்னு ஊர் முச்சூடும் சொல்லி வெச்சிருந்தாரு. அத்தை சொன்னது இவ்வளவுதான், "சிக்குக்கோலமாட்ட இருக்குது, ஆனா நீ புள்ளியே வெக்காம இழுத்திருக்கறயே கண்ணு, பின்ன சிக்காம என்ன பண்ணும்."

அப்பறம் வாசல்லயே ஒக்கார வெச்சு அஞ்சுக்கு அஞ்சு புள்ளி வெச்சுக் காட்டுச்சு. கோடு புள்ளிமேல ஏறக்கூடாது, சுத்திட்டுத்தான் போகணும், சுத்தி சுத்தி ஆரம்பிச்ச எடத்துக்கே வந்து மூடிக்கணும். நான் ஒவ்வொரு புள்ளிக்கும் மனசுக்குள்ள ஒரு பேரு வெச்சேன், ஃபீஸ் ஒரு புள்ளி, மாத்திரை ஒரு புள்ளி, டையிங்காரர் ரெண்டு புள்ளி (அந்தாளுக்கு ஒண்ணு பத்தாது). முடிச்சு நிமுந்தா மணி ஆறரை, பால்காரர் வந்துட்டாரு. போட்டோ எடுத்துட்டுப் போயி மேடத்துகிட்ட காட்டுனா, அவங்க நோட்டை எடுத்து எழுதிக்கறாங்க, உங்க அத்தைகிட்ட கேட்டு எனக்கும் சொல்லிக் குடுங்கன்னு.

அதோட எல்லாம் தீந்துருச்சுன்னு நெனச்சுக்காதீங்க. மேடமே இன்னொரு டாக்டருகிட்ட அனுப்பி தைராய்டு டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க, மாத்திரை இன்னும் ஓடுது. ஷிப்மென்ட் வாரத்துல இப்பவும் முழிப்பு வரும். வந்தா எந்திரிச்சு புள்ளி வெப்பேன். சில நா பாதிக் கோலத்துலயே தூங்கிருவேன்.

வியாழக்கெழமை அரை நாள் லீவுக்கு காரணமே கேக்காத எங்க மொதலாளிக்கும், அன்னைக்கெல்லாம் பாப்பாவைக் கூட்டிட்டு வந்து தோசை ஊத்திக் குடுத்த எங்க மாமாவுக்கும் நன்றி. தோசை தீஞ்சுதான் இருந்துச்சுன்னு பாப்பா சொல்லுச்சு. பாப்பாவுக்கும் நன்றி, க்ரயான்ல கறுப்பு மட்டும் தீந்து போனதுக்கு சண்டை போடாததுக்கு.

வர்ற ஞாயித்துக்கெழமை மத்தியானம் எல்லாரும் ஊட்டுக்கு வந்துருங்க, அரிசிம்பருப்புச் சோறும் கத்திரிக்கா வறுவலும். மாஸ்டர் அண்ணா, வரும்போது ஒரு ரோல் இருந்தா எடுத்துட்டு வாங்க, முடியப் போகுதுங்க.