ஒன்பது மூடை, நானூறு மூடை

ஹட்டன்

அன்பின் மச்சான்,

நலம். உன் வீட்டிலும் எல்லோரும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். இங்கே மழை பிடித்துவிட்டது, மலையெல்லாம் தளிர்.

நீ எழுதியிருந்த வாதம்தான் மனதை விட்டுப் போகவில்லை. 2020ல் இலங்கையின் தேயிலை விளைச்சல் சுமார் 27.8 கோடி கிலோ, 2021ல் 29.9 கோடி. இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்த வருடத்திலேயே கூடியிருக்கிறதே, அப்புறம் என்ன குறை என்று கேட்கிறார்களாம். இலக்கம் சரி. பார்க்கிற வருடம்தான் பிழை.

2020ன் முதல் மாதங்களில் கடும் வரட்சி, அதனால் அந்த வருடமே தாழ்ந்தது. அதோடு ஒப்பிட்டால் எதுவும் உயர்வாகத்தான் தெரியும். தடை வர்த்தமானியில் வந்தது 2021 மே மாதம். ஸ்டோரில் பழைய உரம் கொஞ்சம் இருந்தது. அது தீர்ந்தாலும் தேயிலை நெல்லைப் போல உடனே காட்டிக் கொடுக்காது. வேரிலும் முதிர்ந்த இலையிலும் சேர்த்து வைத்ததைச் செலவழித்துச் சில மாதம் தளிர் விடும். அதற்குப் பிறகுதான் மொட்டு விரியாமல் அடங்கும், இலை சிறுத்து மஞ்சளடிக்கும். 2022ன் இலக்கத்தைப் பார்: 25.1 கோடி கிலோ. கால் நூற்றாண்டாகக் காணாத சரிவு.

இதை ஒரு ஹெக்டேயரில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவு. நூறு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ பத்துக் கிலோ நைதரசன் போட வேண்டும் என்பது தோட்டங்களில் பழகிய கணக்கு. வருடத்துக்கு 2000 கிலோ தூள் தருகிற ஹெக்டேயருக்கு 200 கிலோ நைதரசன். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன் என்பதால் 435 கிலோ போதும், ஐம்பது கிலோ மூடையில் ஒன்பது. அதையும் ஒரேயடியாகப் போடாமல் நாலு தரமாகப் பிரித்துப் போடுவார்கள். கூட்டெருவில் நைதரசன் ஒரு சதவீதம் என்று வைத்தால் அதே 200 கிலோவுக்கு இருபது தொன், நானூறு மூடை! அந்த நானூறையும் செங்குத்தான மலையில் யார் தலையில் ஏற்றுவது? ஏற்றினாலும் எரு மக்கி நைதரசன் மெதுவாகத்தான் வெளிவரும். நான் எருவுக்கு எதிரியில்லை. மீள்நடுகைக் குழிக்கும் மண்ணின் ஈரத்தைப் பிடித்து வைக்கவும் அதுபோல வேறில்லை. யூரியாவின் இடத்தில் அதை உட்கார வைத்ததுதான் பிழை.

நவம்பரில் தடையை நீக்கினார்கள். அதற்குள் உலகச் சந்தையில் யூரியா விலை வருடத் தொடக்கத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் போயிருந்தது, வாங்க டொலரும் இல்லை.

அடி விழுந்தது கொழுந்து எடுக்கிறவர்கள் மேல். ஒருவர் ஒரு நாளில் எடுக்கிற பதினெட்டுக் கிலோ பச்சைக் கொழுந்தில் நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத்தான் தூள் வரும். அப்போதைய ஆயிரம் ரூபா நாட்சம்பளத்தில் ஒரு கிலோ தூளுக்குக் கொழுந்துக்கூலி 260 ரூபா அளவில் விழும். மலையில் பன்னிரண்டு கிலோதான் கிடைக்கிறது என்றால் அதுவே 390. தோட்டம் அந்த நட்டத்தைத் தன் கணக்கில் வைத்துக்கொள்ளாது, அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டு அவர்கள் தலையில் இறக்கும்.

‘2022ல் ஏலத்தில் விலை ஏறியதே’ என்று சொல்பவர்களுக்கு: மூன்றரை டொலருக்குப் போகிற ஒரு கிலோ, டொலர் 200 ரூபாவாக இருந்தால் 700 ரூபா, 360 ஆனால் 1260. மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்ட பிறகு நடந்ததில் பெரும்பகுதி இதுதான். தேயிலை குறைந்ததால் டொலர் விலையும் கொஞ்சம் ஏறியது, ஆனாலும் ஏற்றுமதி வருமானம் 132 கோடி டொலரிலிருந்து 126 கோடிக்கு இறங்கியது. ரூபாவில் பேசுகிறவர்களை டொலரில் பேசச் சொல்.

இனி, பட்டம் படித்தவர்கள் ஆண்டால் நாடு பிழைக்கும் என்கிற பேச்சு பற்றி. 2024 டிசம்பரில் அப்போதைய சபாநாயகர் தன் கலாநிதிப் பட்டத்துக்கு ஆதாரம் காட்ட முடியாமல் பதவி விலகியது சரியே. இல்லாததை இருக்கிறது என்று சொன்னால் இருக்கிற மற்றதையும் நம்ப முடியாது. ஆனால் பட்டம் இருந்தால் நாடு பிழைக்கும் என்பதை நான் ஏற்க மாட்டேன். தடையைக் கொண்டுவந்த அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவைச் சுற்றி, அவரை ஆதரித்த ‘வியத்மக’ அமைப்பில் பேராசிரியர்களும் தொழில்வல்லுநர்களும் நிறைய இருந்தார்கள். தடை வேண்டாம் என்று எச்சரித்தவர்களும் பட்டதாரிகள்தான். அவர் எந்தப் பட்டதாரி சொன்னதைக் கேட்டார், எதைக் கேட்காமல் கையெழுத்திட்டார் என்பதுதான் எனக்கு முக்கியம். 1925ல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையிலேயே இருக்கிறது. மேலே சொன்ன உரக் கணக்கைத் தேடி வெளிநாடு போக வேண்டியிருக்கவில்லை.

ஊவாப் பக்கம் ஜூலையில் காய்ந்த காற்று தொடங்கிவிடும். அதற்கு முன்னே, மண்ணில் ஈரம் இருக்கும்போதே உன் சிறுதோட்டத்துக்கு உரம் போட்டு முடித்துவிடு. காய்ந்த மண்ணில் தூவினால் யூரியா காற்றோடு போய்விடும், அடைமழை நாளில் போட்டால் ஓடைக்குப் போய்விடும். இந்த முறை எத்தனை மூடை வாங்கினாய், என்ன விலை என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி